மூன்றாவது முறையாக முன் பால் ஜாயிண்ட் போகிறது, எதை வாங்கிப் போடுவது?

இழுவைக்காரன்:

வணக்கம் நண்பர்களே. கொஞ்சம் புலம்பலோடுதான் ஆரம்பிக்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

என்னுடையது முக்கால் டன் டீசல் பிக்கப் (அது சுமை ரகத்தின் பெயர், வண்டியின் எடை இல்லை). நான்கு சக்கர இழுவை, முன்னால் ஒரே தண்டாக வரும் ஆக்ஸில். பால் ஜாயிண்ட் என்பது கிண்ணத்துக்குள் பந்து சுழலும் இணைப்பு, ஒவ்வொரு முன் சக்கரத்துக்கும் மேலே ஒன்று, கீழே ஒன்று. வண்டியோடு வந்த பால் ஜாயிண்ட்கள் 2,10,000 கி.மீ. ஓடின. அதுவரைக்கும் அப்படி ஒன்று வண்டியில் இருப்பதே எனக்குத் தெரியாது. டயர் மாற்றப் போன இடத்தில் "கீழ் ஜாயிண்ட் இரண்டும் ஆடுகிறது" என்றார்கள். சரி, நான்கையும் மாற்றிவிடுங்கள் என்றேன். பெட்டியில் யார் பெயர் இருந்தது என்றுகூடக் கேட்கவில்லை. அவை 70,000 கி.மீ. வந்தன.

இரண்டாவது முறை விவரமாக இருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டு நானே தேடி வாங்கினேன். கிரீஸ் நிப்பிள் (கிரீஸ் செலுத்தும் முனை) உள்ளது, உள்ளே முழுக்க உலோகம், பிளாஸ்டிக் கிடையாது, வாழ்நாள் உத்தரவாதம். கையில் எடுத்தால் பழையதைவிட நல்ல கனம். ஜாயிண்டை அழுத்தி ஏற்றும் பிரஸ் ஒன்றை வாடகைக்கு எடுத்து, நானும் மைத்துனனும் வாசலிலேயே இரண்டு நாள் மல்லுக்கட்டி ஏற்றினோம். அந்த இரண்டு நாளில் ஒன்றரை நாள் துருப்பிடித்த வீல் ஹப்பை நக்கிளிலிருந்து (ஹப்பைத் தாங்கி, ஸ்டீயரிங்கோடு திரும்பும் துண்டு) பிரிக்கவே போனது. பால் ஜாயிண்ட் வேலை என்று சொல்கிறார்களே தவிர, அது உண்மையில் ஹப் கழற்றும் வேலை.

இப்போது 48,000 கி.மீ.தான் ஆகிறது, இடப்பக்கக் கீழ் ஜாயிண்ட் போய்விட்டது. நின்ற இடத்தில் ஸ்டீயரிங்கைத் திருப்பினால் நறநற என்று ஒரு சத்தம். பாலத்து இணைப்பில் ஏறி இறங்கும்போது வண்டி ஒரு கணம் தன் இஷ்டத்துக்கு ஒதுங்கிவிட்டு வருகிறது. இடப்பக்க டயரின் உள்விளிம்பு வழுக்கையாகிவிட்டது.

உத்தரவாதத்தில் புதிய பாகம் இலவசமாகத் தருவார்களாம். ஆனால் உத்தரவாதம் பாகத்துக்குத்தான், என் முதுகுக்கு இல்லை. 2,10,000, அப்புறம் 70,000, அப்புறம் 48,000. இந்தக் கணக்கில் போனால் அடுத்தது எண்ணெய் மாற்றும்போதே மாற்ற வேண்டிவரும்.

ஒரிஜினல் போல மூடிய பிளாஸ்டிக் வகைக்கே திரும்பிவிடலாமா, இல்லை உள்பாகத்தைப் பிரித்து மாற்றக்கூடிய விலை கூடிய வகைக்குப் போகலாமா? வாரம் ஒருமுறை டிரெய்லரில் சின்ன மண் தோண்டும் இயந்திரம் ஒன்றை இழுக்கிறேன். அந்தச் சுமைதான் காரணமா?

நாலுசக்கரம்:

யோசிக்கவே வேண்டாம், வண்டிக் கம்பெனியின் ஒரிஜினலையே போடுங்கள். 2,10,000 ஓடியதை விட்டுவிட்டு ஏன் வேறு பரீட்சை? உத்தரவாதம் என்ற சொல்லுக்கு மயங்கினால் இப்படித்தான். திரும்பத் திரும்பக் கெட்டுப்போகும் என்று தெரிந்துதான் திரும்பத் திரும்பத் தருகிறேன் என்கிறார்கள்.

பழைய ஸ்பானர்:

நாலுசக்கரம் சொல்வது தப்பில்லை. ஆனால் நோயாளியைப் பார்க்காமல் மருந்து சொல்ல எனக்கு மனம் வராது. இழுவைக்காரன், சிலது சொல்லுங்கள் தம்பி.

டயர், வீல் இரண்டும் வண்டியோடு வந்தவையா? மாற்றியிருந்தால் எப்போது, ஆஃப்செட் (வீலை ஹப்பில் மாட்டும் முகம் வீலின் நடுக்கோட்டிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறது என்ற அளவு) என்ன? கிரீஸ் எப்படி அடிக்கிறீர்கள்? எத்தனை நாளுக்கு ஒருமுறை என்பதல்ல, எப்படி என்று கேட்கிறேன். ஏற்றும்போது நட்டுகளை எந்த வரிசையில், எதை வைத்து முறுக்கினீர்கள்? வலப்பக்கம் எப்படி இருக்கிறது?

டிரெய்லரை இப்போதைக்கு விட்டுவிடுங்கள். டிரெய்லர் தன் பாரத்தைப் பின் ஆக்ஸில் மேல் அழுத்தும், முன்பக்கத்தை லேசாகத் தூக்கத்தான் செய்யும். பாவம், அதைத் திட்டாதீர்கள்.

இழுவைக்காரன்:

ஸ்பானர் ஐயா, கேட்ட பிறகுதான் எனக்கே உறைக்கிறது.

முதல் ஜாயிண்ட் மாற்றிய சமயத்தில்தான் டயரும் மாற்றினேன். 35 அங்குல டயர், அதற்கு ஏற்ற வீல். பழைய வீலின் ஆஃப்செட் +44 மி.மீ., இப்போது இருப்பது -12. கொஞ்சம் வெளியே தள்ளிக்கொண்டு நின்றால்தான் பார்க்க நன்றாக இருக்கும் என்று ஆசைப்பட்டேன்.

கிரீஸ் ஒவ்வொரு எண்ணெய் மாற்றத்துக்கும் தவறாமல் அடிப்பேன். வண்டி தரையில் நிற்கும், அடியில் படுத்துக்கொண்டு நிப்பிளுக்கு இரண்டு அழுத்து. இடப்பக்கக் கீழ் நிப்பிள்தான் எட்டாது, துப்பாக்கியைக் கோணலாகப் பிடித்து எப்படியோ அடித்துவிடுவேன்.

நட்டுகளை இம்பாக்ட் கன்னால் (அடித்து அடித்து முறுக்கும் கருவி) முறுக்கினோம். வரிசை என்று ஒன்று இருக்கிறதா? மேலே எட்டியது, முதலில் மேலே முறுக்கினோம்.

வலப்பக்கம் கடப்பாரை போட்டுத் தூக்கிப் பார்த்தேன். அசைவு தெரியவில்லை.

பழைய ஸ்பானர்:

தம்பி, நீங்கள் எழுதிய நான்கு பத்தியில் நான்கு காரணம் இருக்கிறது. கோபித்துக்கொள்ளாதீர்கள். இதில் ஒவ்வொன்றையும் நானும் ஒரு காலத்தில் செய்திருக்கிறேன், சம்பளம் வாங்கிக்கொண்டே செய்திருக்கிறேன்.

முதலில் வீல். +44 இலிருந்து -12 என்றால் டயர் 56 மி.மீ. வெளியே போயிருக்கிறது. டீசல் எஞ்சின் மட்டுமே அரை டன் இருக்கும், முன் ஆக்ஸில் மேல் மொத்தம் இரண்டு டன் என்று வைத்துக்கொள்ளுங்கள், ஒரு சக்கரத்துக்கு ஒரு டன். அந்த ஒரு டன் 56 மி.மீ. தள்ளி நின்று நக்கிளை நெம்புகிறது. மேல் ஜாயிண்டுக்கும் கீழ் ஜாயிண்டுக்கும் இடையே 20 செ.மீ. என்றால், கணக்குப் போட்டுப் பாருங்கள்: ஒவ்வொரு ஜாயிண்ட் மேலும் பக்கவாட்டில் கிட்டத்தட்ட 280 கிலோ கூடுதல். இது வண்டி சும்மா நிற்கும்போது. குழியில் விழும்போது அதைப் பல மடங்காக்கிக்கொள்ளுங்கள். ஒரிஜினல் ஜாயிண்ட்கள் இந்தப் பாரத்தைச் சுமக்கவே இல்லை. அவை பழைய வீலோடு ஓடி, பழைய வீலோடு ஓய்வு பெற்றன. 2,10,000 எங்கே, 70,000 எங்கே என்று நீங்கள் ஒப்பிடுவது ஒரே வண்டியை அல்ல.

அதனால்தான் பெட்டியில் இருக்கும் பெயரை வைத்து எந்த ஜாயிண்ட் நல்லது என்று கேட்பவர்களிடம் நான் பதிலே சொல்வதில்லை. ஒரே பெட்டியிலிருந்து எடுத்த ஜோடியில் ஒன்று போய் ஒன்று இருக்கிறது என்கிறீர்கள். பெயர்தான் காரணம் என்றால் இரண்டும் சேர்ந்து போயிருக்க வேண்டும்.

அப்புறம் நட்டு வரிசை. ஆமாம், இருக்கிறது. ஒரே தண்டு ஆக்ஸிலில் நக்கிள் என்பது மேலும் கீழுமாக இரண்டு ஜாயிண்டில் மாட்டிய ஒரு கதவு மாதிரி. இரண்டு கீலும் ஒரே நேர்கோட்டில், ஒன்றை ஒன்று இழுக்காமல் உட்கார வேண்டும். பெரும்பாலான ஆக்ஸில்களில் கீழ் நட்டை முதலில் லேசாக முறுக்கி ஸ்டட்டை (பந்திலிருந்து நீளும் தண்டு) அதன் கூம்புத் துளையில் உட்கார வைப்பார்கள். பிறகு மேல் நட்டை முழு அளவுக்கு. கடைசியாகத் திரும்பக் கீழே வந்து முழு அளவுக்கு. அளவு உங்கள் வண்டிக் கையேட்டில் இருக்கும், முறுக்கும் விசையை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச் கொண்டுதான் முறுக்க வேண்டும். மேல் நட்டை முதலில் இறுக்கிவிட்டால் நக்கிள் மேலே இழுபட்டு நின்றுவிடும். பிறகு கீழே இறுக்கும்போது இரண்டும் கயிறு இழுக்கும் போட்டி போடும். வண்டி நகரும் முன்பே ஜாயிண்ட் உள்ளே இறுகிக் கிடக்கும். நட்டு கழலாமல் பூட்டும் காட்டர் பின்னின் துளை நேராக வரவில்லை என்றால் நட்டை முன்னால் தள்ளித்தான் நேராக்க வேண்டும், பின்னால் தளர்த்தக் கூடாது. இதையும் சொல்லிவைக்கிறேன், ஏனென்றால் எல்லோரும் தளர்த்துவார்கள்.

ஏற்றும்போது பிரஸ் எதன் மேல் அழுத்தியது? ஜாயிண்டின் வெளி விளிம்பில் மட்டும்தான் அழுத்த வேண்டும். நடு மூடியில் அழுத்தினால் அது உள்ளே அமுங்கி பந்தைக் கடிக்கும். சரியான அளவுக் கிண்ணம் இல்லாதபோது ஆட்கள் கையில் கிடைத்த பெரிய சாக்கெட்டை வைத்து அழுத்துவார்கள், அது நடுமூடியில் உட்காரும். புது ஜாயிண்ட் ஏற்றிய நாளே பாதி செத்திருக்கும். துளைக்குள் துருவைச் சுரண்டாமல் ஏற்றினால் ஜாயிண்ட் சாய்ந்து போகும், அதுவும் கேடுதான். இன்னொன்று, சில ஜாயிண்ட்களின் வெளிப்புறம் பல் பல்லாக வெட்டியிருக்கும். ஏறும்போது அது ஆக்ஸில் துளையின் சுவரையே சீவிக்கொண்டு போய் உட்காரும். நன்றாகப் பிடிக்கும், சரிதான். ஆனால் அதைக் கழற்றிய பிறகு வழவழப்பான ஜாயிண்ட் ஒன்றை அதே துளையில் போட்டால் தொளதொள என்று இறங்கும். நீங்கள் மூன்றாவது முறை ஏற்றப் போகிறீர்கள், துளையைப் பாருங்கள். பிரஸ் திணறாமல், கையால் தள்ளியே ஜாயிண்ட் உள்ளே போகிறது என்றால் அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

இப்போது பிளாஸ்டிக்கா உலோகமா. இதில் ஆட்கள் கட்சி கட்டிக்கொண்டு சண்டை போடுகிறார்கள். மூடிய வகையில் பந்து ஒரு வழுக்கும் பிளாஸ்டிக் கிண்ணத்துக்குள் நெருக்கமாக உட்கார்ந்திருக்கும். உராய்வு குறைவு, ஸ்டீயரிங் லகுவாகத் திரும்பி நடுவுக்கு வரும். ரப்பர் உறை கிழியாத வரைக்கும் அதைத் தொடவே வேண்டாம். உறை கிழிந்தால் தண்ணீரும் மணலும் உள்ளே போகும், வெளியே துரத்த வழி கிடையாது. உலோக வகையில் பந்து உலோகக் கிண்ணத்தின் மேலேயே உரசுகிறது. அடி தாங்கும். ஆனால் கிரீஸ் அதற்குச் சோறு. சோறு போடாத உலோக ஜாயிண்ட் பிளாஸ்டிக்கைவிடச் சீக்கிரம் சாகும். உங்களுக்கு நடந்தது அதுதான் என்று சந்தேகப்படுகிறேன்.

தரையில் நிற்கும் வண்டிக்கு கிரீஸ் அடித்தால் என்ன ஆகும் தெரியுமா? கீழ் ஜாயிண்டில் பந்தின் ஒரு பக்கம் அந்தச் சக்கரத்துக்கு வரும் பாரத்தைத் தாங்கிக் கிண்ணத்தோடு ஒட்டிக் கிடக்கும். கிரீஸ் எந்தப் பக்கம் இடம் இருக்கிறதோ அந்தப் பக்கம் போகும். பாரம் இல்லாத பக்கத்தைச் சுற்றிக்கொண்டு உறை வழியாக வெளியே வந்துவிடும். நீங்கள் பார்த்துத் திருப்திப்படுவீர்கள். தேய்கிற பக்கம் பட்டினி. ஆக்ஸிலுக்கு அடியில் ஜாக் போட்டு சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி, ஸ்டாண்ட் மேல் நிறுத்திவிட்டு, ஸ்டீயரிங்கை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் திருப்பித் திருப்பி அடிக்க வேண்டும். மெதுவாக அடியுங்கள். வேகமாக அழுத்தினால் உறை பலூன் மாதிரி ஊதி, அதன் வாய் பிரிந்துகொள்ளும்.

ஒரு பழைய கதை, விஷயத்துக்குக் கொஞ்சம் வெளியே. 1990களின் தொடக்கம் வரைக்கும் ஒரு டன் வண்டிகளின் டானா 60 முன் ஆக்ஸிலில் பால் ஜாயிண்டே கிடையாது, கிங்பின்தான். கீழே கூம்பு உருளை பேரிங், மேலே ஸ்பிரிங்கும் புஷ்ஷும். பாரத்தைத் தாங்க ஒரு முழு பேரிங் உட்கார்ந்திருந்தது. அதே வேலையை இன்று ஒரு பந்தும் ஒரு கிண்ணமும் செய்கின்றன. அதனிடம் கொஞ்சம் கருணை காட்டலாம்.

இந்த ஜாயிண்டைக் கழற்றிய பிறகு தூக்கி எறியாதீர்கள். கிரைண்டரால் பாதியாக அறுத்து உள்ளே பாருங்கள். என்னைவிட அது நன்றாகச் சொல்லும்.

கையேடு வாசகன்:

ஸ்பானர் ஐயா வாங்கு வாங்கென்று வாங்கிவிட்டார். நான் சோதனை பற்றி மட்டும் ஒன்று சேர்க்கிறேன். "கடப்பாரை போட்டேன், அசைவு தெரியவில்லை" என்பது அளவு இல்லை. சில ஜாயிண்ட்களில் புதிதாக இருக்கும்போதே மேலும் கீழும் சின்ன அசைவு அனுமதி உண்டு. சிலவற்றில் துளிகூடக் கூடாது. உங்கள் வண்டிக்கு எவ்வளவு என்று கையேடு பார்த்தால்தான் தெரியும். காந்தக் கால் வைத்த டயல் கேஜ் ஒன்றை ஆக்ஸிலில் ஒட்டி, முள்ளை நக்கிளில் வைத்து, டயருக்கு அடியில் கடப்பாரையால் தூக்கினால் எண் வரும். அந்த எண்ணை எழுதி வைத்துக்கொண்டால் அடுத்த வருடம் ஒப்பிடலாம்.

டயரை மேலும் கீழும் பிடித்து ஆட்டும்போது ஆட்டம் தெரிந்தால் உடனே பால் ஜாயிண்ட் என்று முடிவு கட்ட வேண்டாம். வேறொருவரைப் பிரேக்கை மிதிக்கச் சொல்லுங்கள். மிதித்ததும் ஆட்டம் காணாமல் போனால் அது வீல் பேரிங். மிதித்தும் ஆடினால், நக்கிளும் ஆக்ஸில் முனையும் சேரும் இடத்தைக் கண்ணால் பாருங்கள், அங்கே நகர்வது தெரியும்.

பாலத்து இணைப்பில் வண்டி ஒதுங்குகிறது என்றீர்களே, அதற்கு டிராக் பார் (ஆக்ஸில் பக்கவாட்டில் நகராமல் பிடிக்கும் கம்பி) புஷ்ஷையும், டை ராட் (ஸ்டீயரிங் திருப்பத்தை நக்கிளுக்குக் கொண்டுபோகும் கம்பி) முனைகளையும் பார்த்துவிடுங்கள். நான் இரண்டு பால் ஜாயிண்ட் மாற்றிய பிறகுதான் என் டிராக் பார் போல்ட் தளர்ந்திருந்ததைக் கண்டுபிடித்தேன். இன்றைக்கும் மனைவி சொல்லிக் காட்டுவாள்.

முறுக்குக் கம்பி:

எனக்கும் கிட்டத்தட்ட இதே கதைதான். ஆனால் என் வண்டியில் முன் சக்கரங்கள் தனித்தனியாக ஏறி இறங்கும், ஸ்பிரிங்குக்குப் பதில் முறுகும் கம்பி வைத்த டார்ஷன் பார் வகை. முன்பக்கத்தை உயர்த்த அந்தப் பாரை முறுக்கிவிட்டேன், ஒரே வருடத்தில் மேல் ஜாயிண்ட் போனது. இழுவைக்காரன், உங்கள் வண்டியை உயர்த்தியிருக்கிறீர்களா? அதுதான் காரணமாக இருக்கும் என்று எனக்குப் படுகிறது.

பழைய ஸ்பானர்:

முறுக்குக் கம்பி, உங்கள் வண்டிக்கு நீங்கள் சொல்வது சரி, அவர் வண்டிக்குப் பொருந்தாது. இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது.

உங்கள் வண்டியில் சக்கரம் ஏறி இறங்கும் ஒவ்வொரு முறையும் நக்கிளைத் தாங்கும் மேல், கீழ்க் கைகள் சாய்கின்றன, ஜாயிண்டும் கூடவே சாய்கிறது. உயர்த்தினால் அது எப்போதும் ஒரு கோடியிலேயே சாய்ந்து நிற்கும். கொஞ்சம் இறங்கினால் ஸ்டட் விளிம்பில் இடிக்கும். அதனால் போயிருக்கிறது.

ஒரே தண்டு ஆக்ஸிலில் வண்டி ஏறினாலும் இறங்கினாலும் ஆக்ஸில், நக்கிள், சக்கரம் எல்லாம் ஒன்றாகத்தான் ஏறி இறங்கும். பால் ஜாயிண்ட் ஸ்டீயரிங் திரும்பும்போது மட்டும்தான் சுழலும். ஸ்பிரிங்கை உயர்த்தினால் காஸ்டர் கோணம் (பக்கத்திலிருந்து பார்த்தால் நக்கிள் திரும்பும் அச்சின் சாய்வு) மாறும், டிராக் பார் ஆக்ஸிலை ஒரு பக்கமாக இழுக்கும், அலைன்மென்ட் பார்க்க வேண்டும். பால் ஜாயிண்டுக்கு அதனால் நேரடிக் கேடு இல்லை. உயர்த்திய கையோடு எல்லோரும் பெரிய டயரும் வெளியே தள்ளிய வீலும் போட்டுவிடுகிறார்கள், பழி மட்டும் ஸ்பிரிங்குக்குப் போகிறது.

சோதிக்கும்போதும் உங்கள் வகைக்கு வேறு முறை. டார்ஷன் பாரோ ஸ்பிரிங்கோ கீழ்க் கை மேல் இருந்தால், ஜாக்கைக் கீழ்க் கையின் அடியில், ஜாயிண்டுக்கு எவ்வளவு அருகில் முடியுமோ அங்கே போட வேண்டும். வண்டியின் அடிச்சட்டத்தில் போட்டுத் தூக்கினால் கை தொங்கி ஜாயிண்டை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும், செத்த ஜாயிண்ட்கூட நல்லது மாதிரி நடிக்கும்.

இழுவைக்காரன்:

பத்து நாள் கழித்து வருகிறேன். வண்டியை உயர்த்தவில்லை, அதற்குள் காசு தீர்ந்துவிட்டது.

ஜாயிண்டைக் கழற்றினேன், ஐயா சொன்னபடி அறுத்தேன். வைஸில் பிடித்து நடுவாக அறுக்க அரை மணி நேரம் ஆனது. பந்து லேசில் விட்டுக்கொடுக்கவில்லை. முதலில் இடப்பக்கத்தை அறுத்தேன். திறந்ததும் வந்தது கிரீஸ் இல்லை. காய்ந்துபோன காப்பித்தூள் மாதிரி ஒரு பொடி, விரலில் தேய்த்தால் நெருடுகிறது. பாரம் தாங்கும் பக்கத்தில் பந்து தட்டையாகிப் போயிருக்கிறது, நகத்தை வைத்துப் பார்த்தால் விளிம்பே தட்டுப்படுகிறது. மறுபக்கத்தில் கடைசல் கோடுகள்கூட இன்னும் அழியவில்லை, புதுசு போலவே இருக்கிறது. ஒரே பந்தில் பாதி கிழவன், பாதி குழந்தை.

ஆனால் ஐயா சொன்னதையும் தாண்டி ஒன்று இருந்தது. அந்தப் புதுப் பக்கத்திலும் கிரீஸ் இல்லை. ஏற்றிய நாளில் கம்பெனி தடவி அனுப்பிய கொஞ்சம் மட்டும் மூலையில் கெட்டியாக ஒட்டிக்கொண்டிருந்தது, வேறு நிறம். நான் அடித்ததன் தடமே இல்லை. நிப்பிளைக் கழற்றி ஊசியால் குத்திப் பார்த்தேன். உள்ளே இருக்கும் குட்டி உருண்டை துருப்பிடித்து அசையவே மாட்டேன் என்கிறது. துப்பாக்கியைக் கோணலாகப் பிடித்து அடித்தேன் என்றேனே, அந்தக் கிரீஸ் எல்லாம் முனைக்கும் நிப்பிளுக்கும் இடையில் வழிந்து வெளியேதான் போயிருக்கிறது. ஒவ்வொரு முறையும் சுற்றிலும் வழிந்த கிரீஸைத் துடைத்துவிட்டு, நிறைந்துவிட்டது என்று சந்தோஷமாக எழுந்து போயிருக்கிறேன். 48,000 கி.மீ. நான் அந்த ஜாயிண்டின் வெளிப்புறத்துக்குத்தான் கிரீஸ் அடித்திருக்கிறேன்.

வலப்பக்கம் கையேடு வாசகன் சொன்ன டயல் கேஜில் 0.4 மி.மீ. காட்டியது. கடப்பாரையில் கண்ணுக்குத் தெரியாததுதான். அதையும் அறுத்தேன். உள்ளே கிரீஸ் இருந்தது, பாரம் தாங்கும் பக்கம் மட்டும் மங்கிப்போய் லேசாகத் தேய்ந்திருந்தது. அப்படியே ஐயா சொன்ன பட்டினிப் பக்கம்.

இப்போது என்ன போடுவது என்று இன்னும் தடுமாறுகிறேன்.

நாலுசக்கரம்:

இதைப் படித்துவிட்டு நான் போய் என் வண்டி நிப்பிள்களைத் துடைத்துப் பார்த்தேன். நான்கில் ஒன்று அடைப்பு. வாயை மூடிக்கொள்கிறேன்.

பழைய ஸ்பானர்:

நாலுசக்கரம், மூட வேண்டாம், ஒரிஜினல் போடச் சொன்னது நல்ல யோசனைதான். வருடம் இரண்டு தடவை ஜாக் போட்டுத் தூக்கிக் கிரீஸ் அடிக்கும் பொறுமை இல்லாதவருக்கு மூடிய வகையைவிட நல்லது கிடையாது. வண்டி வாரம் முழுக்கச் சேற்றிலும் தண்ணீரிலும் போகிறது, ஆனால் உரிமையாளர் கிரீஸ் துப்பாக்கியோடு பிறந்தவர் என்றால் உலோகம். பிரித்துச் சீர்செய்யும் வகை நன்றாக இருக்கும், ஆனால் அதையும் யாராவது பிரிக்க வேண்டும் இல்லையா.

இழுவைக்காரன், உலோகம்தான் என்றால் ஒரு எச்சரிக்கை. புதிதாக ஏற்றிய முதல் சில நூறு கிலோமீட்டருக்கு ஸ்டீயரிங் கொஞ்சம் கெட்டியாக இருக்கலாம், திருப்பிவிட்டால் தானாக நடுவுக்கு வரச் சோம்பும். கொஞ்ச நாளில் இளகும். இளகவில்லை என்றால், அல்லது வண்டி திருப்பிய பக்கமே போய்க்கொண்டிருக்கிறது என்றால், அதை ஓட்டாதீர்கள். நட்டுகளைத் தளர்த்தி மறுபடி வரிசையாக முறுக்குங்கள். டை ராடைக் கழற்றிவிட்டு நக்கிளைக் கையால் திருப்பிப் பார்த்தால் தெரிந்துவிடும். ஒரே சீராகக் கனமாகத் திரும்பினால் சரி, எங்காவது பிடித்து விட்டால் சரியில்லை.

நிப்பிளைக் கோண நிப்பிளாக மாற்றி, ஏற்றும் முன்பே துப்பாக்கி முனை எந்தப் பக்கத்திலிருந்து எட்டும் என்று பார்த்துத் திருப்பி வையுங்கள். ஆக்ஸில் தண்டு மடங்கும் இணைப்பான யு ஜாயிண்ட் நிப்பிளின் தலைக்கு மேலேயே வந்து நிற்கும் இடம் அது. ஜாயிண்டைப் பிரிக்க அடித்துச் செருகும் கவட்டைக் கம்பியைப் பக்கத்திலேயே கொண்டு வராதீர்கள், அது உறையைக் கிழிக்கும். பழைய கிரீஸ் எந்த வகை என்று தெரியாமல் வேறு வகையைக் கலக்காதீர்கள். லித்தியம் கிரீஸும் பாலியூரியா கிரீஸும் பல சமயம் ஒத்துப்போகாது, இரண்டும் சேர்ந்து தண்ணீராய் இளகிவிடும். ஒன்றைப் பிடித்தால் அதையே பிடித்துக்கொள்ளுங்கள்.

அந்த வீல்களைப் பற்றி நான் ஒன்றும் சொல்லப் போவதில்லை. கணக்கை ஏற்கெனவே போட்டுவிட்டேன்.

இழுவைக்காரன்:

ஏழு மாதம் ஆகிறது. யாராவது தேடி வந்து படிப்பார்கள் என்று முடிவை எழுதி வைக்கிறேன்.

மறுபடியும் உலோக வகைதான் போட்டேன். வெட்கமில்லாமல் உண்மையைச் சொல்கிறேன், உத்தரவாதத்தில் இலவசமாகக் கிடைத்தது. நான்கும் ஒரே நாளில். துளையைத் தேய்த்துச் சுத்தம் செய்தேன், பிரஸ் நன்றாகத் திணறியது, அதைப் பார்த்து முதன்முறையாகச் சந்தோஷப்பட்டேன். கீழே லேசாக, மேலே முழுதாக, மறுபடி கீழே முழுதாக. இந்த முறை ஹப் இரண்டும் ஒரு மணி நேரத்தில் வந்துவிட்டன, போன முறை மைத்துனன் துருப்பிடித்து ஒட்டிக்கொள்ளாமல் இருக்க ஒரு களிம்பு தடவி வைத்திருந்தான். அவனுக்கு நன்றி சொல்லியாயிற்று.

முதல் நாள் ஸ்டீயரிங் கனமாகத்தான் இருந்தது, 600 கி.மீ. வாக்கில் சரியாகிவிட்டது. ஏற்றிய அன்று டயல் கேஜில் இரண்டு பக்கமும் அசைவே இல்லை. நேற்று 11,000 கி.மீ.யில் பார்த்தேன்: இடம் 0.08, வலம் 0.05. பெட்டி மூடியின் உள்பக்கத்தில் தேதியோடு எழுதி ஒட்டியிருக்கிறேன்.

பழைய வீல்களைத் திரும்ப மாட்டிவிட்டேன். டயரும் சிறியதாகிவிட்டது. வண்டி இப்போது முட்டி தெரியாமல் வேட்டி கட்டிய பெரியவர் மாதிரி நிற்கிறது என்று மைத்துனன் சிரிக்கிறான். அந்த 35 அங்குல டயரும் வீலும் கொட்டகையில் இருக்கின்றன. வலப்பக்க மேல் ஜாயிண்ட் உறையில் மட்டும் விளிம்பு லேசாகத் தூக்கிக்கொண்டு நிற்கிறது, ஒருவேளை நான்தான் கிரீஸை வேகமாக அழுத்திவிட்டேனோ என்னவோ. ஐயா, அதைக் கம்பி வளையம் போட்டு இறுக்கலாமா, இல்லை உறையை மட்டும் மாற்ற வேண்டுமா?

பழைய ஸ்பானர்:

கிழியவில்லை என்றால் துடைத்துவிட்டு, அதன் தடத்திலேயே கையால் உட்கார வைத்து வளையம் போடுங்கள். கிழிந்திருந்தால் உறையை மாற்றுங்கள், தனியாகக் கிடைக்கும். அந்த டயர்களை விற்கும்போது ஆஃப்செட்டைச் சொல்லி விற்றுவிடுங்கள் தம்பி.